காற்றாலையைத் தேடிப் போனேன், ஊரில் காற்றாலை இல்லை

மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஊட்டி ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் ஓடந்துறை. பாக்குத் தோப்புகள், நிமிர்ந்தால் நீலகிரி. 'சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஊராட்சி' என்று பல வருடம் முன்பு படித்தது மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர் எல்லையிலேயே ஒன்று பிரம்மாண்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, கேமராவோடு ஆடி மாதத்தில் போய் நின்றேன்.

டீக்கடையில் விசாரித்தேன்.

"காத்தாடிங்களா? அது இங்க இல்லீங்களே. உடுமலைப் பக்கம் மைவாடில இருக்குதுங்க."

நூறு கிலோமீட்டருக்கு மேல்! தப்பு என்னுடையதுதான். மலையடிவாரத்தில் பாக்கு மரமே சோம்பலாகத்தான் அசைகிறது. காற்று வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அது ஒரு திறந்த வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நெருக்கிக்கொண்டு வந்து பொள்ளாச்சி, உடுமலை என்று விரிகிறது.

ஓடந்துறைக்குக் கரண்ட் பைத்தியம் பிடித்த கதை தண்ணீரில் தொடங்குகிறது. 1996 முதல் பத்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். பவானித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். குடம் நிறைந்தது, கூடவே மோட்டார் ஓடிய பில்லும் வந்தது. மாதம் 2,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த ஊராட்சிக்கு 50,000 வரை ஏறியது. முதலில் 9 கிலோவாட்டில் ஒரு மரவாயுக் கலன் வைத்தார்கள். விறகுக் கழிவைப் போதிய காற்று விடாமல் எரித்தால் எரிவாயு கிடைக்கும். அதில் இன்ஜின் ஓடும், இன்ஜினில் பம்பு ஓடும். சில குக்கிராமங்களுக்குச் சோலார் தெருவிளக்கும் வந்தது.

அதெல்லாம் வெள்ளோட்டம்தான். 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி சேர்த்து வைத்திருந்தது 40 லட்சம், மிச்சம் வங்கிக் கடன். ஒரு கிராமப் பஞ்சாயத்து கோடி ரூபாய்க்குக் கடன் கேட்டு வங்கி வாசலில் நின்ற காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது. வருடத்துக்கு 6.75 லட்சம் யூனிட் வரை கிடைத்தது; ஊராட்சிக்குத் தேவை 4.5 லட்சம்தான். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

சரி, மைவாடியில் சுற்றினால் ஓடந்துறையில் எப்படி விளக்கு எரியும்? தனிக் கம்பியா இழுத்திருக்கிறார்கள்? அங்கே பொதுக் கம்பியில் ஊற்றுகிறார்கள், இங்கே மொண்டுகொள்கிறார்கள். நடுவில் கணக்கு எழுதுவது மின்வாரியம். தன்னிறைவு என்றதும் கம்பியை அறுத்துக்கொண்டு தனியாக வாழ்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கம்பியை அறுத்தால் காற்று படுத்துவிடும் ஐப்பசியில் ஓடந்துறைக் குழாய் காய்ந்துவிடும். ஊர் சம்பாதித்தது கணக்கில் தன்னிறைவு. என்னைக் கேட்டால் அதுதான் நடக்கக்கூடிய தன்னிறைவு.

பாதிக் கதையோடு திரும்ப மனசில்லை. மறுநாள் உக்கடத்தில் பழனி பஸ் ஏறி, உடுமலை தாண்டி இறங்கினேன். இறங்கியதுமே தொப்பி பறந்து முள்வேலியில் போய் மாட்டியது. அம்மி பறக்கவில்லை, அவ்வளவுதான். கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைகள். புதிய ராட்சதங்கள் நிதானமாகச் சுற்ற, பழைய சின்னவை அவசர அவசரமாகச் சுற்றின. இதில் ஓடந்துறையுடையது எது?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஓடந்துறையா? அது எந்தப் பக்கம் தம்பி?"

மேட்டுப்பாளையம் பக்கம் என்றேன்.

"அங்கிருந்து இங்க வந்து வெச்சிருக்காங்களா? காத்துக்கு வாடகை கேக்க ஆளில்லைன்னு தெரிஞ்சுபோச்சாட்ட இருக்குது!"

எதுவென்று அவருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கோபுரத்தின் நிழல் புல்லின் மேல் ஒரு நீளக் கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டாமல் பத்துப் பன்னிரண்டு ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்து அசைபோட்டன. நிழல் நகர நகர, கடைசி ஆடு எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்தது. நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான்.