பின்வரிசை மூட்டைகள்

குடோன் பருப்பின் மதிப்பைக் குறைத்துக் கணக்கராக நான் எழுதிய குறிப்பில் ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். அந்த மார்ச் 31 இருப்புக் கணக்கெடுப்பு முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மனம் இன்னும் அந்த வரியை விட்டு நகரவில்லை.

துவரம்பருப்பில் 62 மூட்டைகள் பின்வரிசையில் சுவரை ஒட்டிக் கிடந்தன. இரும்புக் குழாயைச் செருகி இழுத்தபோது உள்ளங்கையில் விழுந்ததில் பாதி மாவு; அதில் இரண்டு வண்டுகள் ஊர்ந்தன. கணக்கில் அந்த மூட்டைகள் எப்போதோ விற்றுப்போயிருந்தன. முதலில் வந்தது முதலில் போகும் என்பது எங்கள் மதிப்பீட்டு முறை. ஆகவே ஏட்டின்படி மிச்சம் இருந்தது கடைசியாக வாங்கிய, கிலோ 98 ரூபாய்ச் சரக்கு.

“பழையது தீர்ந்துவிட்டது என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள்?” என்றார் குடோன் அண்ணன். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்.

“அது விலைக்கான கணக்கு, அண்ணே. மூட்டைக்கான கணக்கு இல்லை.”

சரியான பதில்தான். எந்த மூட்டை வாசலைத் தாண்டியது என்று அந்த முறை பார்ப்பதில்லை. எந்த விலையைச் செலவில் எழுதுவது என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. விலை இறங்கிய ஆண்டு அது. சராசரி முறையில் போட்டிருந்தால் அடக்கவிலை 98-க்கு மேலேயே வந்திருக்கும், வண்டு மட்டும் போயிருக்காது. அடக்கவிலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை, இவ்விரண்டில் குறைந்ததைத்தான் காட்ட வேண்டும் என்கிறது கணக்கியல் தரநிலை 2. தீவன ஆலைக்காரர் கிலோவுக்கு 40 தருவதாகச் சொன்னார். ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் 2 போக 38. 3,100 கிலோவுக்கு 1,86,000 ரூபாயைக் குறைத்தேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. வங்கி கடன் கொடுப்பது அந்த இருப்பை நம்பி. உளுத்த பருப்பை 98 என்று எப்படிக் காட்டுவது?

ஆனால் காரணம் என்ற இடத்தில், ‘புதிய சரக்கு முன்னதாக அனுப்பப்பட்டதால்’ என்று எழுதினேன். தணிக்கையாளர் கேட்பார், ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியதில் பொய்யும் இல்லை. மறு வாரம் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

லாரி வந்தால் புது மூட்டைகளை வாசல் பக்கமே அடுக்குவார்கள். பழையதை முன்னே மாற்றி அடுக்க மூட்டைக்கு 6 ரூபாய் கூலி கேட்டு ஐப்பசியில் அவர் ஒரு வவுச்சர் கொண்டுவந்தார். 200 மூட்டைக்கு 1,200 ரூபாய். தேவையற்ற செலவு என்று அதன் குறுக்கே கோடு போட்டவன் நான்.

வேலையை விட்டு நிறுத்திய அன்றைக்கு அவர் அந்த வவுச்சரைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாரா, என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா? மாற்றி அடுக்கியிருந்தாலும் வண்டு வந்திருக்கலாம். அந்த மழையில் கூரையும் ஒழுகியது. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே, கூரையையும் நான் குறிப்பில் எழுதவில்லையே என்று நினைவு வருகிறது.

வவுச்சர் கோப்பிலேயே இருந்தது. தணிக்கையாளர் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.