மெலாங்கெல்லம்மாளுக்கு என் அக்கா செலுத்திய நேர்ச்சை

மருத்துவம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் உடம்பில் கட்டியின் சுவடு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வேல்ஸ் நாட்டின் லங்கினோக் கிராமத்திலிருந்து பென்னன்ட் மெலாங்கெல் ஆலயம் வரை நடந்தே வருகிறேன் என்று என் அக்கா நேர்ந்திருந்தாள். பர்மிங்காமில் அவளுக்குக் கீமோ ஏற்றிய நாட்களில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த வேல்ஸ்காரப் பெண்மணிதான் மெலாங்கெல் என்ற அந்தப் புனிதையின் பெயரை முதலில் சொன்னவர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாமல், உச்சரிக்கவே வராத பெயருக்கு நேர்ந்துகொண்டாயே என்று அம்மா தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார். அக்கா அதற்கும் ஒரு வழி கண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் மெலாங்கெல்லம்மாள்தான்.

மே 27ஆம் நாள் அவருடைய திருநாள். அன்று மருத்துவமனைச் சந்திப்பு குறுக்கிட்டதால் அடுத்து வந்த சனிக்கிழமை கோபோவன் ரயில் நிலையத்தில் இறங்கினோம். அங்கே அமர்த்திய வாடகைக் கார் ஓட்டுநர், பேசிய தொகையை மறந்தவர்போல லங்கினோக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, மலைச்சாலைக்கு வந்ததற்காக இன்னும் இருபது பவுண்டு வேண்டும் என்றார். புனித யாத்திரை எந்த நாட்டில் நடந்தாலும் இப்படி ஒருவர் நமக்கென்று காத்திருப்பார் போலும். மழை வலுத்துக்கொண்டிருந்ததால் வாதாடாமல் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

அங்கிருந்து இரண்டு மைலுக்கும் மேல், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய சாலை. எதிரே டிராக்டர் வந்தபோதெல்லாம் முள்வேலியோடு ஒட்டி நின்றோம். பாதி வழியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பண்ணைக் கதவின்மேல் சாய்ந்து அவள் கண்களை மூடியபோது, இது போதும், திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளோ, செபமாலையில் இன்னும் இரண்டு பத்து மணிகள் மிச்சமிருக்கின்றன, அதைச் சொல்லிக்கொண்டே போய்விடலாம் என்றாள்.

பழங்கதைப்படி, வேல்ஸின் பழைய அரசான போவிஸின் இளவரசன் ப்ரோக்வெல் வேட்டையாடி வந்த பள்ளத்தாக்கு இது. நாய்கள் துரத்திய முயல், செபத்திலிருந்த கன்னிப்பெண் மெலாங்கெல்லின் ஆடைக்குள் ஒளிந்துகொள்ள, நாய்கள் ஊளையிட்டுப் பின்வாங்கின. வேட்டைக்காரன் ஊதவெடுத்த கொம்பு உதட்டோடு ஒட்டிக்கொண்டது. இளவரசன் அந்தப் பள்ளத்தாக்கையே அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். இந்தக் காட்சியை ஆலயத்தின் பதினைந்தாம் நூற்றாண்டு மரத்தடுப்பில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் அந்தப் பக்கத்தில் முயல்களுக்கு மெலாங்கெல்லின் ஆட்டுக்குட்டிகள் என்று பெயர்.

இரண்டாயிரம் ஆண்டு வயது சொல்லப்படும் யூ மரங்கள் சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தைக் கடந்து உள்ளே போனால், நடைப்பயணக் குழு ஒன்று ஈர மேலங்கிகளை இருக்கைகளின்மேல் உலரவிட்டு, ரொட்டிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. கைபேசிப் படங்களுக்காக அவர்கள் புனிதையின் பீடத்தை மறித்து நின்றதைக் கண்டு எனக்கு எரிச்சல் மூண்டது. அக்கா பின்னிருக்கையில் அமர்ந்து, அவர்கள் போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கல்பீடம் அது. சிறு தூண்களும் வளைவுகளும் தாங்க, செங்குத்தான கூரையோடு ஒரு கல்வீடுபோல உயர்ந்து நிற்கிறது. மதச் சீர்திருத்தக் காலத்தில் அதை உடைத்துவிட்டார்கள். செதுக்கிய கற்கள் ஆலயச் சுவர்களிலும் தோட்ட வாயில் மண்டபத்திலும் வெறும் கட்டடக் கற்களாய்ப் புதைந்து கிடந்தன. அவற்றைத் தேடியெடுத்து 1958இல் மீண்டும் பொருத்தினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆலயத்தைப் புதுப்பித்தபோது இன்னொரு முறை பிரித்துச் சேர்த்தார்கள். பழைய கல்லும் இட்டு நிரப்பிய பகுதியும் சேருமிடத்தை அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். “ஒட்டுப்போட்டதுதான். நிற்கிறதே!” என்றாள். அறுவை நடந்த பக்கத்துக் கையை அவள் அவ்வளவு உயரம் தூக்கி நான் பார்த்தது அன்றுதான்.

பீடத்தருகே பிறர் விட்டுப்போன மன்றாட்டுச் சீட்டுகள் கிடந்தன. அக்காவும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நன்றியறிதல் எழுதியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். அதில் அவளோடு கீமோ ஏற்றிக்கொண்ட ஏழு பெண்களின் பெயர்கள் இருந்தன. இரண்டின் எதிரே சிறு சிலுவைக் குறி. அந்த வேல்ஸ்காரப் பெண்மணியின் பெயரும் குறியிட்டவற்றில் ஒன்று. எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு பெயரையும் அவள் மெல்ல வாய்விட்டுப் படித்தாள். தன் பெயரை எழுதவே இல்லை. நான் முழந்தாளிட்டேன். மனப்பாடமான செபம் ஒன்றுகூட நினைவுக்கு வராமல், அம்மாளே, நன்றி, அம்மாளே, நன்றி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் கத்தோலிக்கர், ஆலயமோ வேல்ஸ் திருச்சபையினுடையது. அந்தக் கணக்கை அங்கே எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதும், பிற்பகலில் கூரைமேல் மழை எப்போது ஓய்ந்தது என்பதும் எனக்குத் தெரியாது. அக்கா உயிரோடு என் பக்கத்தில் இருந்தாள், ஆண்டவரே, அவளுடைய ஈரத் தலைமயிரின் வாசனை எனக்கு எட்டும் அளவுக்கு அருகில் இருந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் வயல்களில் முயல் தென்படுகிறதா என்று தேடினோம். ஒன்றும் கண்ணில் படவில்லை. மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியிருக்கும் என்றாள் அக்கா.