பொறுமைசாலி என்றொரு பாராட்டு

பள்ளிப் படிப்பை முடித்த என் தங்கை மகன் செவிலியர் படிப்பில் சேரப்போவதாகச் சொன்னபோது, வீட்டில் எழுந்த முதல் கேள்வி, டாக்டர் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லையா என்பதுதான். அது பெண்கள் பார்க்கும் வேலையாயிற்றே என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாக இதே பணியில் இருக்கும் நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

இகழ்ச்சிக்கு மறுமொழி சொல்லிவிடலாம். பாராட்டைத்தான் என்ன செய்வதென்று தெரிவதில்லை. தேவதைகள், தியாகிகள் என்றே கேட்டு வளரும் பிள்ளை, இதில் மூளைக்கு வேலை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. செவிலித்தாய் என்னும் பழஞ்சொல்லிலிருந்து வந்ததாலோ என்னவோ, தமிழில் இப்பணியின் பெயரே வளர்ப்புத்தாயை நினைவூட்டுகிறது. ஓர் இளைஞனுக்கு அது எப்படி ஒலிக்கும்? உலகச் செவிலியரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலையே எனக்குக் கைவிளக்கோடுதான் அறிமுகப்படுத்தினார்கள். கிரிமியப் போரில் காயங்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே அதிக வீரர்களைக் கொன்றன என்பதை வரைபடமாக்கி அரசை அசைத்த புள்ளியியலாளர் அவர் என்பதை, வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அவனுக்கு நான் ஓர் இரவுப் பணியைப் பற்றிச் சொன்னேன். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு நாளான ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 96. இரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணியபோது, மாலையில் 16 ஆக இருந்த மூச்சு 28 ஆகியிருந்தது. உடல் சீர்கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான். அவசரத்தில் பலரும் எண்ணாமல் விடுவதும் அதைத்தான். பணி மருத்துவரை எழுப்பினேன். தொற்று இரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது தெரியவந்து, உடனே மருந்து ஏறியது. நோயாளி தேறினார். காலையில் வந்த உறவினர்கள், "என்ன பொறுமை உங்களுக்கு!" என்று கைகூப்பினார்கள்.

கதையைக் கேட்டவன் கேட்டது ஒன்றே ஒன்று: "எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிட மாட்டாரா, பெரியம்மா?"

மாற்றிவிடுவார். அதனால்தான் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மார்பின் மீது வைத்திருக்கிறோம் என்றேன். உடனே தன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினான்.