மே குஸ்தா: வலென்சியாவில் வினைச்சொல் படிக்கும் நாட்கள்

செப்டம்பர் 18, 2023, திங்கள்

பெரியவர்களுக்கான ஸ்பானிஷ் வகுப்பு இன்று தொடங்கியது. ஸ்பெயினில் இருக்கும் வலென்சியாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் போனில் ஆங்கிலம் வழியாகத்தான் படித்தேன். சொற்கள் சேர்ந்தன, வாக்கியம் வரவில்லை. வகுப்பில் மொராக்கோ, உக்ரைன், சீனா, பாகிஸ்தான் என்று பல ஊர்க்காரர்கள். எல்லோருக்கும் பொதுவான மொழி கிடையாது என்பதால் ஆசிரியை முதல் நிமிடத்திலிருந்தே ஸ்பானிஷில்தான் பேசினார்.

பலகையில் மூன்று வினைகள். அப்லார், பேசு. கொமேர், சாப்பிடு. பிபீர், வசி. ஸ்பானிஷ் வினை எதுவானாலும் அகராதியில் ஆர், ஏர், ஈர் இந்த மூன்றில் ஒன்றில்தான் முடியும். அந்த வாலை எடுத்துவிட்டு ஆளுக்குத் தகுந்த விகுதியை ஒட்ட வேண்டும். அப்லோ என்றால் பேசுகிறேன், அப்லாஸ் பேசுகிறாய், அப்லா பேசுகிறான் அல்லது பேசுகிறாள், அப்லாமோஸ் பேசுகிறோம்.

என்னைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார். ஐந்தையும் 'யோ' என்றே தொடங்கியிருந்தேன். யோ என்றால் நான். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் ஐந்து யோவையும் பென்சிலால் அடித்துவிட்டு, 'அப்லோ'வின் கடைசி ஓ-வைச் சுற்றி வட்டம் போட்டார். எனக்கு உடனே புரிந்தது. 'வலென்சியாவில் வசிக்கிறேன்' என்று தமிழில் சொல்லும்போது 'நான்' எங்கே வருகிறது? 'ஏன்' விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஆளை நிறுத்த வேண்டியது ஆங்கிலத்தில்தான். எட்டு மாதமாக நான் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 23, சனி

மத்தியச் சந்தைக்குப் போனேன். 1928-இல் திறந்த கட்டடம், இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளுமாக இருக்கும். உள்ளே போனால் மீன் வாடையும் ஆரஞ்சு வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

தக்காளிக் கடையில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறேழு பேர் இங்கும் அங்குமாக நின்றார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ கேட்கிறார்கள், யாரோ ஒருவர் பதில் சொல்கிறார். நான் பேசாமல் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த நான்கு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் கடைக்காரம்மா என்னைப் பார்த்து, "கே தே பொங்கோ, ரெய்னா?" என்றார். ரெய்னா என்றால் ராணி. இங்கே கடைகளில் அன்பாக அப்படிக் கூப்பிடுவார்கள். பொங்கோ என்று காதில் விழுந்ததும் எனக்குப் பொங்கல்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். போனேர் என்றால் வை, போடு. பொங்கோ, போடுகிறேன். 'உனக்கு என்ன போடட்டும்?' என்பதுதான் கேள்வி. நம்மூர்க் கடையிலும் 'ஒரு கிலோ போடுங்க' என்றுதானே சொல்கிறோம்? 'எனக்கு ஒரு கிலோ தக்காளி வேண்டும்' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைவிட "மே போனே உன் கீலோ தே தொமாதேஸ்?" எவ்வளவு இயல்பாக இருக்கிறது.

செப்டம்பர் 28, வியாழன்

இன்று ஸேர், எஸ்தார் என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் 'பி' (am, is, are) என்ற ஒரே வினையால் சொல்வதை ஸ்பானிஷ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று நிலையானது, மற்றது தற்காலிகம் என்று புத்தகத்தில் இருக்கிறது. இது முழுதும் பொருந்தாது. நகரம் ஓரிடத்தில் இருப்பதற்கும் எஸ்தார்தான். நகரத்தைவிட நிலையானது என்ன இருக்கிறது?

இரவு பாத்திரம் கழுவும்போது தமிழில் வைத்துப் பார்த்தேன். 'நான் ஆசிரியை' என்பதில் வினையே இல்லை. அங்கே ஸேர், தன்மையில் ஸோய். 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்பதில் 'இரு' வருகிறது. அங்கே எஸ்தார், தன்மையில் எஸ்தோய். இதற்கு வகுப்பில் கொடுத்த உதாரணத்தைவிட அழகான ஒன்று இல்லை. "எஸ் லிஸ்தா" என்றால் அவள் கெட்டிக்காரி. "எஸ்தா லிஸ்தா" என்றால் அவள் தயாராக இருக்கிறாள். தமிழில் 'இரு' இல்லாத இடத்தில் எஸ், இருக்கும் இடத்தில் எஸ்தா.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. 'மகள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு எஸ்தா போட்டால் தப்பு. உயரம் அவளுடைய குணம், அதனால் "எஸ் ஆல்தா". இந்த மாதிரி இடங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 9, திங்கள்

இன்று வலென்சியா நாள். முதலாம் ஹைமே மன்னர் 1238-இல் இந்த நகருக்குள் நுழைந்த நாள். வழக்கப்படி ஆண்கள் பெண்களுக்குக் கைக்குட்டையில் முடிந்த பாதாம் இனிப்புகளைக் கொடுக்கிறார்கள். மொகதோரா என்று பெயர். கேரட், மிளகாய், ஸ்ட்ராபெரி என்று காய்கனி வடிவத்தில் விரல் நீளத்துக்குச் செய்து, வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

மாடியில் இருக்கும் அம்மா தன் பங்கிலிருந்து நான்கைக் கொண்டுவந்து தந்தார். எழுபதைத் தாண்டியவர். தன்னை 'தூ' என்று, அதாவது நீ என்று, கூப்பிடச் சொல்கிறார். இங்கே அது சாதாரணம். எனக்கு வாய் வரவில்லை, 'உஸ்தேத்' என்றுதான் சொல்கிறேன். அதற்கு வினை, படர்க்கை வடிவில் வரும். 'உஸ்தேத் அப்லா', நீங்கள் பேசுகிறீர்கள்.

நான் ஒன்றைக் கடித்ததும், "தே குஸ்தா, இஹா?" என்று கேட்டார். உனக்குப் பிடிக்கிறதா, மகளே? "மே குஸ்தா முச்சோ" என்றேன். யோசிக்காமல் வந்தது.

குஸ்தார் வினையைப் புத்தகம் இரண்டு பக்கத்துக்கு விளக்குகிறது. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாய், ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய், எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள் என்கிறது. நாம் எதையும் திருப்ப வேண்டாம். 'மே' என்றால் எனக்கு, 'தே' என்றால் உனக்கு. "மே குஸ்தா எல் கஃபே", எனக்குக் காபி பிடிக்கும். நான்காம் வேற்றுமையில் தொடங்கிப் பேசுவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். ஒரே ஒரு கவனம் வேண்டும். பிடித்த பொருள் பன்மையாக இருந்தால் வினையும் பன்மையாகும். "மே குஸ்தான் லாஸ் ஃப்ரேஸாஸ்", எனக்கு ஸ்ட்ராபெரிகள் பிடிக்கும். தமிழில் 'பிடிக்கும்' அசையாது.

அக்டோபர் 11, புதன்

தன்மை ஒருமையில் 'கோ' வருபவை: தெங்கோ, பெங்கோ, பொங்கோ, ஸால்கோ, ஆகோ, தீகோ. வைத்திருக்கிறேன், வருகிறேன், போடுகிறேன், வெளியே போகிறேன், செய்கிறேன், சொல்கிறேன். பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

'போகிறேன்' என்பதற்கு எழுத்தில் வி-யில் தொடங்கும் சொல். இங்கே வி-யையும் பி-யையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் காதுக்கு 'பொய்' என்று, ஏறக்குறைய நம் 'போய்' மாதிரியே கேட்கிறது. தற்செயல்தான், இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் இனி மறக்காது.

அதைவிட முக்கியம், இதோடு வேறொரு வினையைச் சேர்த்தால் எதிர்காலம் கிடைக்கிறது. "போய் ஆ கொம்ப்ரார் பான்", ரொட்டி வாங்கப் போகிறேன். "போய் ஆ தோர்மீர்", தூங்கப் போகிறேன். 'வாங்கப் போகிறேன்' என்ற நம் கட்டுமானமேதான். எதிர்காலத்துக்குத் தனி விகுதிகள் இருக்கின்றன, ஆனால் மாடி வீட்டம்மா பேச்சில் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறேன்.

தமிழ் கைவிட்ட இடமும் இன்று வந்தது. நமக்கு ஆளைத் தெரிந்தாலும் 'தெரியும்', சமைக்கத் தெரிந்தாலும் 'தெரியும்'. இங்கே ஆளுக்கும் ஊருக்கும் கொனோஸேர், தகவலுக்கும் திறமைக்கும் ஸபேர். "ஸே கொஸினார்", சமைக்கத் தெரியும். ஆசிரியையைத் தெரியும் என்பதற்கு 'ஸே' சொல்லித் திருத்தம் வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் ஏறிவிட்டது.

அக்டோபர் 26, வியாழன்

நேற்று இரவு முழுதும் மகள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய அப்பா வேலையாக வெளியூரில் இருக்கிறார். காலையில் சுகாதார மையத்துக்கு நான் மட்டும் அழைத்துப் போனேன். போன தடவை போனில் மொழிபெயர்த்துக் காட்டித்தான் சமாளித்தோம். இன்று போனைப் பையிலேயே வைத்திருந்தேன்.

டாக்டர், "கே லே துவேலே?" என்றார். தொலேர் வினை, குஸ்தார் மாதிரியேதான். அவளுக்கு என்ன வலிக்கிறது? "லே துவேலே எல் ஓயிதோ" என்றேன். வெளிக் காதுக்கு ஓரேஹா, உள் காதுக்கு ஓயிதோ என்று போகும் வழியில்தான் பார்த்து வைத்திருந்தேன். எப்போதிலிருந்து என்றார். "தெஸ்தே அனோச்சே", நேற்று இரவிலிருந்து. "தியேனே ஃபியேப்ரே. நோ புவேதே தோர்மீர்." காய்ச்சல் இருக்கிறது. தூங்க முடியவில்லை.

நான்கு வாக்கியம், எல்லாம் இரண்டு முதல் நான்கு சொற்கள்தான். புவேதே என்று சரியாக வந்தது. அடிவினை போதேர், புவேதோ, புவேதேஸ், புவேதே என்று நடுவில் ஒலி மாறும், 'நாங்கள்' என்னும்போது மாறாமல் போதேமோஸ். இதை விதியாகப் படிக்கும்போது சலிப்பாக இருந்தது. ஆனால் வா, வருகிறேன், வந்தேன் என்பதை நாம் எந்த விதியைப் படித்து மாற்றுகிறோம்?

டாக்டர் மருந்து எழுதினார். "காதா ஓச்சோ ஓராஸ்", எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். இப்போது தூங்குகிறாள். துவேர்மே.

நவம்பர் 4, சனி

மகளுக்குக் காது சரியாகிவிட்டது. அவளையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். தக்காளிக் கடையில் அதே கூட்டம். போனதும், "எல் ஊல்திமோ?" என்று கேட்டேன். கடைசி ஆள் யார் என்று அர்த்தம். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். அவருக்கு அடுத்தது நான், அவ்வளவுதான் வரிசை. யார் எங்கே நின்றாலும் பரவாயில்லை.

இரண்டு நிமிடத்தில் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், "கியேன் எஸ் லா ஊல்திமா?"

"ஸோய் யோ" என்றேன். நான்தான்.