உறுப்பு தானம்: ஐசியுவில் நழுவவிடும் மணிநேரங்கள்

தானம் கைகூடாமல் போனால் 'குடும்பத்தார் சம்மதிக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள். உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வேலை பார்க்கும் எங்களுக்குத் தெரியும், சறுக்கல் பல நேரம் அதற்கு முன்பே ஐசியுவுக்குள் நடந்துவிடுகிறது.

தலைக்காயத்தோடு வந்தவரின் கண்பாவை விரிந்து, வெளிச்சத்துக்கும் சுருங்காமல், சக்‌ஷன் போட்டு (குழாயால் சளியை உறிஞ்சி) பார்த்தும் இருமல் வராவிட்டால் அப்போதே எங்களைக் கூப்பிட வேண்டும். காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று விட்டால் உடல் தாங்காது. மூளைத்தண்டு செயலிழந்ததும், அதாவது மூளைச்சாவு ஏற்பட்டதும், சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும், சோடியம் ஏறும், ரத்த அழுத்தம் சரியும். இவற்றைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் மருந்தைத் தாமதிக்காமல் தொடங்கி, சோடியம் 155-க்குக் கீழே, சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேலே, உடல் வெப்பம் 36 டிகிரி என்று பிடித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் மூளைச்சாவை உறுதிசெய்யும் இரண்டாவது சோதனைக்கு முன்பே இதயம் நின்றுவிடும்.

சட்டப்படி 4 மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, படிவம் 10-இல் கையெழுத்திட வேண்டும். உறுப்பு பொருத்தும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. நரம்பியல் நிபுணர் ஊரில் இல்லையே என்று நிற்க வேண்டாம். 2011 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மயக்கவியல் மருத்துவரோ தீவிர சிகிச்சை மருத்துவரோ போதும்.

தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் ஆப்னியா சோதனையில் அவசரம் ஆகாது. மயக்க மருந்து உடலில் மிச்சமிருந்தால் சோதனையே செல்லாது. 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 40-ஐ ஒட்டி இருப்பதைப் பார்த்துக்கொண்டு வென்டிலேட்டரைக் கழற்றுங்கள். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய கதீட்டர் வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கட்டும். நெஞ்சு, வயிறு இரண்டிலும் துணியை விலக்கி 8 முதல் 10 நிமிடம் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். அசைவே இல்லாமல் கார்பன் டை ஆக்சைடு அளவு 60-ஐத் தொட்டால் மூச்சு திரும்பாது என்பது உறுதி. குடும்பத்தில் ஒருவர் விரும்பினால் பக்கத்தில் நிற்க விடுங்கள். நெஞ்சை ஏற்றி இறக்கியது மெஷின்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது. கால்விரல் துடிக்கலாம், அது தண்டுவடத்தின் அனிச்சை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மரணத்தைச் சொல்வதும் தானம் கேட்பதும் ஒரே மூச்சில் வரக் கூடாது. சிகிச்சை தந்த மருத்துவர் தனி அறையில் உட்கார்ந்து முதலில் மரணத்தைச் சொல்லட்டும். அவர்கள் அழட்டும், ஊருக்குப் போன் செய்யட்டும், வீட்டுப் பெரியவர் வந்து சேரட்டும். "பாடி எப்ப குடுப்பீங்க?" என்று அவர்களே கேட்கும்போதுதான் எங்கள் பேச்சுக்கு இடம். நடுவில் யாராவது "இன்னும் உயிர் இருக்கும்மா, மெஷின்ல ஓடுது" என்றால் எல்லாம் கலைந்துபோகும். இரவு டியூட்டி ஊழியர் வரை எல்லோரும் ஒரே பேச்சாக இருப்பது அவ்வளவு முக்கியம்.

குடும்பத்தின் சம்மதப் படிவமான படிவம் 8-இல் கையெழுத்தானதும் பில்லிங் கவுன்ட்டருக்கு எழுத்தில் தகவல் போக வேண்டும். அதற்குப் பிந்தைய பராமரிப்புச் செலவை அந்தக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானுக்குச் சொல்லும்போதே காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தால் போலீஸ் வந்து சேரவே நேரமாகும். இருட்டிவிட்டது என்று போஸ்ட்மார்ட்டத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. 2021 நவம்பரிலிருந்து, வசதியுள்ள இடங்களில் இரவிலும் செய்யலாம்.

இத்தனைக்கும் பிறகு இடையில் இதயம் நின்றுவிட்டாலும் கண்களைக் கேட்கலாம். 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.