ஒரு ரீல் வாசித்து முடிப்பதற்குள் பியர் என்ன சூட்டில் இருக்கும்?

வடக்கு லண்டனில் ஒரு பப்பின் மூலை மேசையைச் சுற்றி வாரம் ஒருமுறை கூடும் ஐரிஷ் இசைக்காரர்களோடு நான் டின் விசிலும் மரப் புல்லாங்குழலும் வாசிக்கிறேன். மேடையோ ஒலிபெருக்கியோ முன்கூட்டி வகுத்த நிரலோ கிடையாது. ஒருவர் ரீல் என்னும் வேகமான நடன மெட்டு ஒன்றைத் தொடங்கினால் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அயர்லாந்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள் கேம்டன் டவுன், ஹாலோவே வட்டாரப் பப்புகளில் வளர்த்தெடுத்த வழக்கம் இது. வாசிப்புக்கு நடுவே எங்கள் மேசையில் எழும் சர்ச்சைகளில், கால்பந்தை விடவும் நீண்டு போவது பியரை எவ்வளவு குளிராகக் குடிப்பது என்பதுதான்.

எங்கள் பிடில்காரர் காஸ்க் ஏல் கட்சி. பீப்பாய்க்குள் உயிருள்ள ஈஸ்ட்டோடு இரண்டாம் முறையாக நொதித்து, கைப்பம்பினால் இழுத்து ஊற்றப்படும் அந்த ஆங்கிலேய பியரை நிலவறையின் குளிர்ச்சியில், அதாவது 11 முதல் 13 டிகிரி செல்சியஸில், பரிமாறுவதே முறை. வெளிநாட்டார் இதை ‘வெதுவெதுப்பான பியர்’ என்று கிண்டல் செய்யும்போது அவருக்குக் கோபம் வரும். அது வெதுவெதுப்பு அல்ல, குளிர்ச்சிதான், ஆனால் நாக்கை மரத்துப்போகச் செய்யாத குளிர்ச்சி என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மிகவும் குளிர்ந்தால் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை மேலெழாது. புரதமும் பாலிபீனாலும் ஒன்றோடொன்று ஒட்டித் தெளிந்த ஏலைக் கலங்கலாகவும் காட்டும்.

எதிர்க்கட்சித் தலைவர் பௌரான் என்னும் தோல் கருவி வாசிப்பவர். அவருக்குக் குளிரில் நொதிக்கவைக்கும் லாகர் பியர்தான், அதுவும் கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். ‘சுவையே இல்லாததைக் குளிரால் மறைக்கிறார்கள்’ என்று பிடில்காரர் சொன்னால், ‘சுவை வேண்டும் என்றால் சூப் குடியுங்கள்’ என்று பதில் வரும்.

இவர்கள் இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பவர் கிளேர் மாவட்டத்திலிருந்து வந்த முதிய அக்கார்டியன்காரர். குழாயிலிருந்து சுமார் 6 டிகிரியில் இறங்கும் கின்னஸ் என்னும் ஐரிஷ் கறுப்பு பியரைக்கூட அவர் தொடமாட்டார். 1959இல் கின்னஸ் நிறுவனம் நைட்ரஜன் கலந்து ஊற்றும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் நாம் இன்று காணும் வெண்ணெய் போன்ற நுரை வந்தது; அதற்கு முன் இளசும் முதிர்ந்ததுமாக இரண்டு பீப்பாய்களிலிருந்து கலந்து ஊற்றுவார்கள். அக்கார்டியன்காரர் கேட்பது அலமாரியில் அறைச் சூட்டிலேயே இருக்கும் ஸ்டௌட் என்னும் கறுப்பு பியர் புட்டியை. அயர்லாந்தின் கிராமங்களில் வயதானவர்கள் இன்னமும் அப்படித்தான் கேட்பார்கள். குளிர்பெட்டிக்குள் கைவிடும் பணியாளரை அவருடைய பார்வையே நிறுத்திவிடும்.

நான் இந்தச் சண்டைக்குள் நுழைவது சுருதி வழியாக. எங்கள் தொழிலில் டிகிரிக் கணக்கு புதியதல்ல. 1859இல் பிரெஞ்சு அரசு கருவிகளுக்குச் சுருதி சேர்க்கும் ‘ஏ’ ஸ்வரத்தை நொடிக்கு 435 அதிர்வு என்று நிர்ணயித்தபோது, அது 15 டிகிரியில் என்றும் சேர்த்தே எழுதியது. லண்டன் பில்ஹார்மோனிக் சங்கத்தார் 1896இல் அதையே தங்கள் அரங்கின் சூட்டுக்கு, அதாவது 20 டிகிரிக்கு, ஏற்றிக் கணக்கிட்டு 439 என்று வைத்துக்கொண்டார்கள். 439 பகா எண் என்பதால் மின்கருவிகளில் அதை உண்டாக்குவது கடினமாக இருந்தது. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று முடிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்வரத்துக்கே சூடு குறிப்பிடும் கூட்டம் பியருக்குக் குறிப்பிடாமல் விடுமா?

பப்பில் கூட்டம் சேரச் சேர அறை சூடேறும். காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடுவதால், குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் சுருதி அடுத்த அரை ஸ்வரத்தை நோக்கி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம் நகர்ந்துவிடும். பிடிலின் தந்தியோ சூட்டில் தளர்ந்து கீழே இறங்கும். நாங்கள் எதிரெதிர்த் திசையில் விலகிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மேசையில் இருக்கும் பியரும் சூடாகிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் இசைக்காரனின் சிக்கல் மற்றக் குடிகாரர்களின் சிக்கலிலிருந்து வேறுபடுகிறது என்று நினைக்கிறேன். பரிமாறும்போது பியர் எத்தனை டிகிரியில் இருந்தது என்பது எங்களுக்குப் பெரிய விஷயமே அல்ல. அடுத்த முறை கை ஒழியும்போது எத்தனை டிகிரியில் இருக்கும் என்பதே கேள்வி. மூன்று ரீல்களைக் கோத்து வாசித்தால் ஐந்தாறு நிமிடம் குவளையைத் தொட முடியாது. ஒருவர் உற்சாகத்தில் நான்காவதையும் கோத்துவிடுவார். சூடேறும் திரவம் வாயுவைப் பிடித்துவைக்காது என்பதால், 4 டிகிரியில் வந்த லாகர் அதற்குள் உயிரற்றுப் போயிருக்கும். 12 டிகிரியில் வந்த ஏல் கொஞ்சம் மட்டுமே மாறியிருக்கும்; அதில் கரிவாயு முதலிலேயே குறைவு என்பதால் இழப்பதற்கும் அதிகம் இல்லை. அலமாரி ஸ்டௌட் மாறவே மாறாது. பௌரான்காரர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டால் அக்கார்டியன்காரர் சொல்வார்: ‘பாதிப் பாட்டுகளுக்கு அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிடுகிறோம், குளிர் போவதற்குள் குடித்துவிடுகிறார்.’

கொலோன் நகரிலிருந்து கிட்டார் வாசிக்க வந்துபோகும் நண்பர், தங்கள் ஊர் ஏற்பாடே இதற்குத் தீர்வு என்கிறார். அங்கே கோல்ஷ் என்னும் பியரை 0.2 லிட்டர் குறுங்குவளையில்தான் தருவார்கள். சூடாவதற்குள் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் கேட்காமலேயே அடுத்தது வரும், போதும் என்றால் குவளையை அட்டையால் மூட வேண்டும். அதைக் கேட்ட பிறகு நான் 568 மில்லிலிட்டர் பைண்ட்டை விட்டுவிட்டு அரை பைண்ட் பிட்டர் என்னும் ஏல் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். சூட்டுக்கு இது நல்ல வழி. ஆனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கும் வழக்கத்தில் என் கணக்கு எப்படிச் சேரும் என்று புதிய சர்ச்சை கிளம்பியிருக்கிறது: பாதி குடிப்பவன் முழுச் சுற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஏல் கட்சிக்கும் லாகர் கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை.