மூன்று டாலர் கொடுத்து ஒரு பள்ளம் பார்த்தேன்

பஸ்ஸைத் திட்டாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரத்துக்கு ஏறக்குறைய 960 கிலோமீட்டர். அங்கே இருக்கும் பெர்க்லி பள்ளம் என்ற பழைய செம்புச் சுரங்கத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். எனக்குக் கிடைத்தது கழிப்பறையை ஒட்டிய கடைசி இருக்கை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் திறந்துகொண்டு என்னை நலம் விசாரித்துவிட்டு மூடிக்கொண்டது. ஸ்போகேனில் ஓட்டுநர் மாற வேண்டும். மாற்று ஓட்டுநர் வந்துசேர மூன்று மணி நேரம் ஆனது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ஊராக இருந்தால் குறைந்தபட்சம் பயணிகளாவது சண்டை போட்டிருப்பார்கள்.

"வார இறுதியில் நானே காரில் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன் அக்கா. பள்ளத்தைப் பார்க்க யாராவது பஸ் ஏறிப் போவார்களா?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் பிறந்து விவரம் தெரிவதற்குள் அப்பா கடையை மூடிவிட்டார். எனக்கு அந்தக் கடை நன்றாக நினைவிருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். செம்புக் கம்பியை ஓர் அங்குலம்கூட வீணாக்க விடமாட்டார். துண்டு துணுக்கெல்லாம் பெட்டியில் சேர்ந்து, தீபாவளிக்கு முன்னால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எங்கள் பட்டாசு அதில்தான் வந்தது. "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால், "எங்கேயோ தோண்டுகிறார்கள்" என்பார். அந்த எங்கேயோவில் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

பஸ் நிறுத்தம் கீழே சமவெளியில் இருக்கிறது. பழைய நகரம் மேலே, குன்றின் சரிவில். நடுவில் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. டாக்ஸிக்காரர் 28 டாலர் வாங்கினார். மீட்டரைப் பற்றிக் கேட்டேன். வானிலையைப் பற்றிப் பதில் சொன்னார். அன்றைய சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அங்கேயே போய்விட்டது. பெட்டி இல்லாமல் போகிறவர்கள் தயவுசெய்து நடந்தே போங்கள். மேடுதான், மூச்சு வாங்கும், ஊர் கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். ஆனாலும் நடங்கள்.

ஊரின் பெயரை நான் 'பட்டி' என்பது போலச் சொல்லிவைத்தேன். விடுதிப் பெண்மணி 'பியூட்' என்று திருத்தினார், கொஞ்சம் கண்டிப்பாகவே.

பெர்க்லி பள்ளத்தைப் பார்க்க 3 டாலர் டிக்கெட். ஒரு நச்சு ஏரியைப் பார்க்கக் கட்டணமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். குன்றின் வயிற்றைக் குடைந்த மாதிரி ஒரு நீண்ட நடைபாதை. அதைக் கடந்தால் மரத்தாலான பார்வை மேடை. முணுமுணுப்பு அங்கே நின்றது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம், அதில் பாதி அகலம், 540 மீட்டர் ஆழம். சுவர்கள் முழுக்கப் படிப்படியாக வெட்டிய தளங்கள், மஞ்சளும் துருவும் சாம்பலுமாக. அடியில் தண்ணீர். புளி போட்டுத் தேய்க்காமல் பரணில் கிடந்த செப்புக்குடத்தை இறக்கிப் பார்த்தால் தெரியுமே, பாதி பழுப்பு, பாதி களிம்புப் பச்சை, அந்த நிறம். சிற்றலைகூட இல்லை.

மேடையில் நின்றவர்கள் ஐந்து நிமிடம் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். நான் இரண்டு மணி நேரம் இருந்தேன். 3 டாலருக்கு விடுவேனா?

கதை தங்கத்தில் தொடங்குகிறது. 1864-இல் இங்கே ஓடை மணலில் தங்கம் சலித்தார்கள். பிறகு வெள்ளி. மார்கஸ் டேலி என்ற அயர்லாந்துக்காரர் வெள்ளிக்காக 'அனகோண்டா' சுரங்கத்தை வாங்கினார். 1882 வாக்கில் கீழே தட்டுப்பட்டது தடிமனான செம்புப் பாளம். தொலைபேசியும் எடிசனின் மின்விளக்கும் கம்பி கேட்கத் தொடங்கிய நேரம் அது. அதிர்ஷ்டம் என்றால் இதுதான். பூமியிலேயே வளமான குன்று என்று ஊருக்குப் பெயர் வந்தது. அயர்லாந்து, இங்கிலாந்தின் கார்ன்வால், ஃபின்லாந்து, இத்தாலி, செர்பியா, சீனா என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குன்றுக்குள் இறங்கினார்கள். ஆட்களையும் தாதுவையும் இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்கள் இன்னும் ஊர் நடுவில் நிற்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அவற்றைத் தூக்குமரம் என்றே சொல்கிறார்கள். இரவில் சிவப்பு விளக்கு போட்டுவிடுகிறார்கள், அழகுக்காம். எனக்கு அடிவயிறு கலங்கியது.

அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு கதையும் உண்டு. 1917 ஜூன் மாதம் கிரானைட் மவுன்டன் சுரங்கத்தில் ஒரு மின்கேபிளை இறக்கும்போது அது நழுவி விழுந்தது. எதற்கான கேபிள்? தீத்தடுப்பு ஏற்பாட்டுக்கானது. பார்க்கப்போன மேற்பார்வையாளரின் கார்பைடு விளக்குச் சுடர், எண்ணெய் தோய்ந்த அதன் உறையைப் பற்றவைத்தது. 168 பேர் இறந்தார்கள். மேனஸ் டக்கன் என்ற இளைஞர் சுரங்கத்துக்குள்ளேயே தடுப்புச் சுவர் எழுப்பிப் புகையை மறித்து 25 பேரைக் காப்பாற்றினார், அவர் திரும்பவில்லை. நினைவிடத்துக்குக் கட்டணம் கிடையாது. போய்விட்டு வாருங்கள்.

சரி, பள்ளம். நல்ல தாது தீரத் தீர, கல்லில் செம்பு நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அதற்காகச் சுரங்கம் குடைந்தால் கட்டாது. அதனால் 1955-இல் அனகோண்டா நிறுவனம் மேலிருந்தே மொத்தமாக வெட்டத் தொடங்கியது. மேடையில் நின்று மனக்கணக்குப் போட்டேன். அப்பா ஒரு மோட்டாருக்கு மூன்று, நான்கு கிலோ கம்பி சுற்றுவார். அதற்கு இங்கே அரை டன் தாதுக்கல் வேண்டும். அந்தத் தாதுவை எட்ட, அதைப்போல் இரண்டு மடங்கு வெறும் கல்லை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். மொத்தத்தில் 32 கோடி டன் தாது, 70 கோடி டன்னுக்கும் மேல் கழிவுப் பாறை. ஓர் அங்குலக் கம்பிக்கு அப்பா எங்களை ஏன் அதட்டினார் என்று புரிகிறது.

பள்ளம் அகல அகல ஊரைத் தின்றது. இத்தாலியர்களின் மீடர்வில், இரவெல்லாம் விடுதிகளும் விருந்துமாக இருந்த பேட்டை, போயிற்று. மெக்வீன் போயிற்று. கிழக்கு பியூட் போயிற்று. பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் தோண்ட கொலம்பியா கார்டன்ஸ் என்ற பூங்காவும் போயிற்று. 1899-இல் வில்லியம் கிளார்க் என்ற செம்புக் கோடீஸ்வரர் ஊருக்குக் கட்டிக்கொடுத்தது, 1973-இல் மூடினார்கள். வியாழக்கிழமைகளில் குழந்தைகளுக்கு டிராம் இலவசமாம். பான்சிப் பூக்களை அவர்களே பறித்துக்கொண்டு போகலாமாம். மேடையில் என் பக்கத்தில் நின்ற பெரியவர் கையை நீட்டி ஒரு வெற்றிடத்தைக் காட்டினார்: "அங்கேதான் எங்கள் அம்மாவின் சமையலறை." நான் பார்த்தேன். அங்கே காற்று மட்டும்தான் இருந்தது.

இதற்குள் அனகோண்டா நிறுவனத்துக்கு வேறு அடி. சிலியில் அவர்களிடம் இருந்த சுக்கிக்கமாட்டா சுரங்கத்தை 1971-இல் அந்த நாடு அரசுடைமை ஆக்கியது. 1977-இல் நிறுவனமே ஓர் எண்ணெய் நிறுவனத்திடம் கைமாறியது. 1982 ஏப்ரல் 22, பூமி தினம், அன்றுதான் நிலத்தடி நீரை இறைத்த பம்புகளை நிறுத்தினார்கள். நாள் பார்த்துச் செய்தார்களா தெரியவில்லை. எந்த ஜோசியரும் இதைவிடப் பொருத்தமாகக் குறித்திருக்க முடியாது. குன்றுக்குள் குடைந்த ஆயிரக்கணக்கான மைல் சுரங்கப் பாதைகள் நிரம்பி, தண்ணீர் பள்ளத்துக்குள் ஏறியது. கல்லில் உள்ள கந்தகம் காற்றோடும் நீரோடும் சேர்ந்தால் கந்தக அமிலம். அந்த அமிலம் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டது. ஒருகாலத்தில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறதாம்.

1995-இல் வலசை வந்த பனி வாத்துகள் ஏரி என்று நம்பி இறங்கின. 342 செத்தன. 2016-இல் பனிப்புயலில் வந்து விழுந்தவற்றில் ஆயிரக்கணக்கில். இப்போது காவலுக்கு ஆள் உண்டு. துப்பாக்கிச் சத்தம், அலறும் ஒலிபெருக்கி, டிரோன். நம் ஊரில் கதிரைக் காப்பாற்றக் குருவி ஓட்டுவார்கள். இங்கே குருவியைக் காப்பாற்றக் குருவி ஓட்டுகிறார்கள். 2019 முதல் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து ஓடையில் விடுகிறார்கள். இறைப்பதை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் நஞ்சு நிலத்தடி நீருக்குள் போகும்.

என்னை வாய் பிளக்கவைத்த செய்தி வேறு. இந்தத் தண்ணீரைப் பழைய இரும்பின் மேல் ஓடவிட்டால் இரும்பு கரைந்து, செம்பு பொடியாகப் படிகிறது. பல வருடங்கள் அப்படியே செம்பு எடுத்திருக்கிறார்கள். அப்பா செம்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார். இவர்கள் பழைய இரும்பை அனுப்பிச் செம்பு வாங்கியிருக்கிறார்கள்.

பக்கத்துச் சுரங்கத்தில் ஒரு தெருநாய் பல வருடம் வாழ்ந்ததாம், கயிறு கயிறாகத் திரிந்த முடியோடு. எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்பதால் அதற்கு 'ஆடிட்டர்' என்று பெயர். ஊரின் குணம் இதில் இருக்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டேனே! பேஸ்டி. கார்ன்வால் சுரங்கக்காரர்கள் கொண்டுவந்தது. பார்க்க அசல் சோமாசி, ஆனால் உள்ளங்கையைவிடப் பெரியது; ஓரம் மடித்துப் பின்னியதுகூட அம்மா முள்கரண்டியில் அழுத்துவாரே, அதே மாதிரி. உள்ளே தேங்காயும் சர்க்கரையும் இல்லை, மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், மிளகு. சுரங்கத்துக்குள் இதைப் பிரிக்கும்போது 'வீட்டில் இருந்து வந்த கடிதம்' என்பார்களாம். மேலே பழுப்புக் குழம்பை ஊற்றித் தந்தார்கள். கூச்சமில்லாமல் தட்டை வழித்தேன். டாக்ஸிக்காரர் தின்ற பணத்துக்கு இரண்டு பேஸ்டி வாங்கியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் கடைசி வரை இருந்தது.

செலவுக் கணக்கைப் பட்டியலாகப் போடுவதாக இருந்தேன். ரசீதுகள் பேஸ்டிக் குழம்பில் நனைந்துவிட்டன. விடுதிதான் அதிகம், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

இந்த முறை நடந்தே பஸ் நிறுத்தத்துக்கு இறங்கினேன். தம்பிக்குப் பள்ளத்தின் படம் ஒன்றை அனுப்பினேன். "அருமையான ஏரி அக்கா, படகு உண்டா?" என்று உடனே பதில் வந்தது. பஸ் நாற்பது நிமிடம்தான் தாமதம். அதற்குள் அவனுக்குத் தட்டச்சு செய்து முடிக்க முடியவில்லை.